‘பெண்டர்ஸ் பிக் ஸ்கோர்’ படம் பற்றி எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபியூச்சராமா கார்ட்டூன் தொடரின் முதலாவது முழுநீளப் படத்தை நாங்கள் எட்டுப் பேர் மட்டக்களப்புக் கல்லடியில், எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் புரொஜெக்டர் அடித்துப் பார்த்தோம். மச்சான், அக்காவின் மகள், காத்தான்குடியில் இருந்து வந்த இரண்டு நண்பர்கள், அடுத்த வீட்டுத் தம்பிமார் இருவர், எழுபது வயது தாண்டிய பெரியம்மா, நான். படம் முடிந்து நடுச்சாமம் வரை சண்டை பிடித்தோம். அந்தச் சண்டையைக் கேள்விப்பட்ட கல்முனை, அக்கரைப்பற்று உறவுக்காரர்களும் நண்பர்களும் போன் எடுத்து ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கதையின் முடிவு வரை பேசுகிறேன். படத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

தொடர் நின்றுபோய்விட்டது என்றார்களே, பிறகு எப்படிப் படம் வந்தது?

நின்றுதான் போனது. மாட் க்ரோனிங் உருவாக்கி, டேவிட் எக்ஸ். கோஹனோடு சேர்ந்து வளர்த்தெடுத்த தொடர் இது. 1999 மார்ச் 28 அன்று அமெரிக்காவில் ஃபொக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. 72 பாகங்கள் ஓடி, 2003 ஓகஸ்ட் 10 அன்று ஓய்ந்தது. ஞாயிறு பின்னேரம் அதற்குக் கொடுத்த நேரத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்கள் நீண்டுகொண்டே போகும், கார்ட்டூன் தள்ளிப்போகும், சில நாள் வராமலே போய்விடும். கிரிக்கெட் நீண்டதால் நாடகம் பார்க்க முடியாமல் போன வீடுகளுக்கு அந்த எரிச்சல் சொல்லாமலே விளங்கும்.

நிறுத்திய பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. அடல்ட் ஸ்விம் என்ற தொலைக்காட்சியில் பழைய பாகங்களை இரவு நேரத்தில் மறுபடி போட்டார்கள், பார்க்க ஆள் சேர்ந்தது. டிவிடிகளும் நன்றாக விற்றன. அந்தத் துணிவில் நான்கு படங்கள் எடுத்தார்கள். அதில் முதலாவது இது, 2007 நவம்பர் 27 அன்று நேரே டிவிடியாக வெளிவந்தது. இயக்கம் ட்வெய்ன் கேரி-ஹில், எழுத்து கென் கீலர். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கார்ட்டூன் படங்களுக்குக் கொடுக்கும் ஆனி விருதுகளில், வீட்டுத் திரைக்கென்று எடுக்கப்பட்டவற்றுக்கான விருது 2008இல் இதற்குக் கிடைத்தது.

தொடரைப் பார்க்காதவர்களுக்குப் படம் விளங்குமா?

சிரிப்பு விளங்கும், வலி விளங்காது. ஆகக் குறைந்தது இவ்வளவாவது தெரிந்திருக்க வேண்டும். ஃப்ரை என்பவன் நியூயோர்க்கில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற பையன். 1999 டிசம்பர் 31 நள்ளிரவில் உறைய வைக்கும் பெட்டி ஒன்றுக்குள் விழுந்து, ஆயிரம் வருடம் கழித்துக் கண் விழிக்கிறான். அங்கே ஒற்றைக் கண்ணுள்ள லீலா அவனுக்குக் கப்டன். குடியும் களவும் வாயுமாகத் திரிகிற பெண்டர் என்ற ரோபோ அவனுடைய உயிர்த் தோழன். மூவரும் பிளானட் எக்ஸ்பிரஸ் என்ற பார்சல் கம்பனியில் வேலை செய்கிறார்கள். ஃப்ரைக்கு லீலா மேல் காதல். லீலாவுக்கு அவன் மேல் இரக்கம் உண்டு, காதல் வருகிறதா இல்லையா என்பதை இழுத்துக்கொண்டே போகிறார்கள்.

படத்துக்கு முன்னால் மூன்று பாகங்களைப் பாருங்கள்: முதலாவது பாகம், ‘ஜுராசிக் பார்க்’ என்று ஒலிக்கும் நாயின் பாகம், 2003இல் வந்த கடைசிப் பாகம். மூன்றும் சேர்த்து ஒரு மணி நேரம் அளவில்தான். நாயின் பாகத்தை மட்டும் தவறவிட வேண்டாம். ஏன் என்று கீழே நீளமாக எழுதியிருக்கிறேன்.

தொடக்கக் காட்சியில் தொலைக்காட்சிக்காரர்களைத் தூளாக அரைக்கிறார்களே, அது அதிகம் இல்லையா?

எங்கள் வீட்டில் இதற்கு இரண்டு கட்சி. படம் தொடங்கியவுடனே பார்சல் கம்பனிக்கு ஒரு செய்தி வருகிறது: பொக்ஸ் என்ற வலையமைப்பு அவர்களின் உரிமத்தை இரண்டு வருடத்துக்கு முன்னால் நிறுத்தியது, நிறுத்திய மடையர்கள் வேலையிழந்து, அடிபட்டு, செத்து, இளஞ்சிவப்புத் தூளாக அரைபட்டும் போனார்கள், இனிக் கம்பனி மறுபடி பறக்கலாம். ஃபொக்ஸுக்குத்தான் அந்த அடி என்று எல்லாருக்கும் தெரியும்.

மச்சான் சொன்னது, தொடரைப் பற்றிய வெளிக்கதை தெரியாதவனுக்கு அந்த ஐந்து நிமிடமும் அடுத்த வீட்டுக் கலியாணத்தில் போய் நின்ற மாதிரி இருக்கும் என்று. அதில் நியாயம் உண்டு. ஆனால் நான் மற்றக் கட்சி. நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள் திரும்பி வந்ததும் முதல் மூச்சில் சொல்வது கோபமாகத்தான் இருக்கும். அந்தக் கோபத்தைச் சிரிப்பாக மாற்றத் தெரிந்ததால்தான் அவர்கள் இன்றும் எங்களுக்கு வேண்டியவர்கள்.

22 நிமிடக் கதையை ஒன்றரை மணி நேரமாக இழுத்திருக்கிறார்கள் என்று சொல்கிறார்களே?

இழுத்திருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன், அடைத்திருக்கிறார்கள் என்பேன். ஏமாற்றுக்காரரின் கதை, காலப் பயணக் கதை, காதல் கதை, பூமியைப் பறிகொடுத்த கதை, அப்புறம் ஒரு விண்வெளிப் போர். இவ்வளவும் ஒரே சட்டிக்குள்.

மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்கு இந்த நீளச் சண்டை புதிதில்லை. வடமோடியோ தென்மோடியோ, களரியில் விடிய விடிய ஆடுகிற கூத்தை 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேடைக்கு ஏற்றபடி சுருக்கினார். அது கூத்துக்கு உயிர் கொடுத்ததா, உயிரை எடுத்ததா என்று இன்றும் எங்கள் ஊர்களில் வாதம் நடக்கும். ஆனால் கூத்தின் நீளத்துக்கு ஒரு வழி இருக்கிறது. வரவுப் பாட்டு, தாளம், ஆட்டம் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நேரம் கிடைக்கும். பார்க்கிறவரும் இடையில் கண்ணயர்ந்து எழும்பலாம், கதை அவருக்காகக் காத்திருக்கும். இந்தப் படம் யாருக்காகவும் காத்திருக்காது. நான்கு நிமிடம் எழும்பித் தேத்தண்ணி ஊற்றப் போன தம்பி திரும்பி வந்தபோது எந்த ஃப்ரை எந்த வருடத்தில் நிற்கிறான் என்று விளங்காமல் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தான்.

குறை சொல்ல வேண்டிய இடம் போர்க் காட்சி. ஏமாற்றுக்காரர் சுத்தத் தங்கத்தில் செய்த போர்க்கோள்களோடு நிற்க, பூமிக்காரர் நெப்டியூனில் இருந்து படை திரட்டிக்கொண்டு வருகிறார்கள். கண்ணுக்கு அழகு. ஆனால் அந்த நேரத்தில் எங்கள் மனம் முழுக்கக் கலியாணம் நின்றுபோன லீலாவிடம் கிடக்கிறது. போர் எப்போது முடியும் என்று இருந்தது.

இதையே நான்கு பாகமாக வெட்டி 2008 மார்ச்சில் இருந்து கொமெடி சென்ட்ரல் என்ற தொலைக்காட்சியில் போட்டார்கள். ஒரு கிழமை கழித்து அந்த வடிவத்தையும் பார்த்தோம். சிரிப்புக்கு வெட்டியதே நல்லது, பகிடிகளுக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. லீலாவைக் கலியாணம் முடிக்க இருந்த லார்ஸின் கதைக்கு வெட்டாததுதான் வேண்டும்.

ஏமாற்றுக்காரர் கதை பழசாகிவிட்டதா?

இதைத்தான் எல்லாரும் கேட்பார்கள் என்று நினைத்தேன், கேட்டது இரண்டு பேர்தான். இல்லை, பழசாகவில்லை. வேற்றுக்கிரகத்து ஏமாற்றுக்காரர் மூவர் மின்னஞ்சல் அனுப்பி, பரிசு விழுந்திருக்கிறது என்பது போன்ற பொய்களால் முதலில் கம்பனியையும் மறுகா முழுப் பூமியையும் எழுதி வாங்கிவிடுகிறார்கள். சண்டையில்லை, இரத்தமில்லை. ஆயிரமாயிரம் வருடம் வாழ்ந்த மனிதகுலம் ஒரு கடிதத்தை நம்பி வீட்டைக் காலி செய்கிறது.

2007இல் அது மின்னஞ்சல். இன்று எங்கள் கையில் உள்ள போனுக்கு, உங்கள் பார்சல் தபாலில் நிற்கிறது, இந்த இணைப்பைத் தட்டுங்கள் என்று வருகிறது. அதற்கு முன்னால் லொத்தரில் வாகனம் விழுந்திருக்கிறது, ரீலோட் இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று அழைப்பு வந்தது. பெரியம்மாவே ஒருமுறை மூவாயிரம் ரூபாய்க்கு ரீலோட் காட் வாங்கி இலக்கத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு இருந்தவர். படத்தில் பார்சல் கம்பனியின் சொந்தக்காரரான வயதான புரொபெசர் ஏமாறுகிற இடத்தில் மற்றவர்கள் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. “பாவம், வயசாளி” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

காலப் பயணத்தில் ஓட்டை இல்லையா?

ஓட்டையை அடைப்பதற்குத்தான் படத்தின் பாதி உழைப்பும் போயிருக்கிறது. விதிகளை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஃப்ரையின் பின்பக்கத்தில் பெண்டர் உருவத்தில் ஒரு பச்சை குத்தியிருக்கிறது, அதற்குள் ஒன்றும் பூச்சியமுமாக ஒரு குறியீடு. அதை வாசித்தால் பின்னோக்கிப் போகலாம். முன்னோக்கி வர முடியாது. திரும்பி வர வேண்டுமானால் சென்ற இடத்திலேயே இருந்து, வருடங்களைக் கழித்துத்தான் வர வேண்டும். பெண்டர் ஏமாற்றுக்காரருக்காக உலகத்தின் செல்வங்களைத் திருடப் பழைய காலங்களுக்குப் போய்ப் போய், ஒவ்வொரு முறையும் கம்பனிக் கட்டடத்துக்குக் கீழே உள்ள குகையில் காத்துக்கிடந்து வருகிறான். இரண்டாவது விதி: இப்படிப் போவதால் ஒரே ஆள் இரண்டாகிவிட்டால், மேலதிகமாக வந்தவரை விதி விட்டுவைக்காது. எப்படியோ செத்துப் போவார், கணக்கு நேராகிவிடும்.

கென் கீலர் ஹாவர்டில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். 2010இல் வந்த ஒரு பாகத்துக்காக ஒரு கணிதத் தேற்றத்தையே நிறுவிக் கொடுத்த மனிதர். அவர் கதையில் ஓட்டை தேடுவதைவிட, அந்த இரண்டு விதிகளும் மனதில் என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. பின்னுக்குப் போவது ஒரு நொடி, திரும்பி வருவதற்கு ஆயுள். இதை எழுதியவர்கள் காத்திருப்பைப் பற்றித்தான் படம் எடுத்திருக்கிறார்கள்.

நாயின் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஏன் இவ்வளவு கோபம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

2002இல் வந்த பாகம் இது: 3002ஆம் ஆண்டில் ஃப்ரை ஒரு நூதனசாலைக்குப் போகிறான். தோண்டியெடுத்த பழைய பொருட்களுக்கு நடுவே கல்லாகிப்போன ஒரு நாய். அவன் வளர்த்த சீமோர்தான். புரொபெசரால் அதற்கு மறுபடி உயிர் கொடுக்க முடியும். ஆனால் நாய் பதினைந்து வயதில் செத்தது என்று தெரியவருகிறது, அதாவது ஃப்ரை காணாமல்போன பிறகு பன்னிரண்டு வருடம் வாழ்ந்திருக்கிறது. என்னை மறந்து நல்லபடி வாழ்ந்திருக்கும், விட்டுவிடுங்கள் என்று ஃப்ரை நிறுத்திவிடுகிறான். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு மட்டும் காட்டுகிறார்கள். அந்தப் பன்னிரண்டு வருடமும் சீமோர் பீட்சாக் கடை வாசலில், வெயிலிலும் பனியிலும், அவன் சொல்லிவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது. கடைசியில் கண்ணை மூடியது.

படத்தில் என்ன செய்கிறார்கள்? ஏமாற்றுக்காரரிடமிருந்து தப்ப ஃப்ரை 2000ஆம் ஆண்டுக்கு ஓடுகிறான், இரண்டு ஃப்ரை ஆகிவிடுகிறது. ஒருவன் எதிர்காலத்துக்குத் திரும்ப, மற்றவன் பழைய பீட்சாக் கடைக்கு மேல் அறை எடுத்து, சீமோரோடு அந்தப் பன்னிரண்டு வருடத்தையும் வாழ்கிறான். 2012இல் ஏமாற்றுக்காரர் ஏவி, அவனைக் கொல்ல வந்த பெண்டர் அந்த அறையை வெடிக்க வைக்கிறபோது நாய் ஒரு நொடியில் கல்லாகிறது. அதாவது நாய் தனியாகக் கிடக்கவில்லை.

அக்காவின் மகள் இதை மன்னிக்கவே மாட்டேன் என்கிறாள். “அழ வச்சிட்டு மறுகா சும்மா சொன்னதெண்டு சொல்லுற மாதிரி இருக்கு” என்றாள். அவள் சொல்வதில் கனம் இருக்கிறது. பழைய பாகத்தின் பலமே யாரும் அதைச் சரிசெய்ய வராததுதான். காத்தான்குடி நண்பரும் அவள் பக்கம்: துக்கத்தைக் கொடுத்தவன் அதைத் திருப்பி எடுக்க உரிமையில்லை என்றார்.

பெரியம்மா அதுவரை ஒன்றும் பேசவில்லை. அவருக்கு மச்சான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். வெடிக் காட்சி முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “அப்ப அது தனிய இருக்கல்லத்தானே?”

2004 டிசம்பர் 26இல் கடல் வந்த பிறகு, நாவலடியில் ஒரு அத்திவாரத்தின் மேல் ஒரு நாய் படுத்திருந்தது. வீடு இல்லை, ஆட்களும் இல்லை, அத்திவாரம் மட்டும்தான். பெரியம்மாவும் நானும் சாமான் கொடுக்கப் போகிறபோதெல்லாம் அதைப் பார்த்தோம். சோறு வைத்தால் தின்றுவிட்டு மறுபடி அந்தச் சீமெந்துத் தரையில் போய்ப் படுக்கும். பிறகு ஒருநாள் இல்லை. எங்கே போனது என்று பெரியம்மா எத்தனையோ பேரிடம் கேட்டார். யாராவது எடுத்து வளர்த்திருப்பார்கள் என்று ஒருவர் சொன்னார், அவர் அதைப் பிடித்துக்கொண்டார். காணாமல்போனவர்களுக்காக வாசலைப் பார்த்தபடி இருக்கிற வீடுகள் இந்த மாவட்டத்தில் எத்தனை என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். அந்த வீடுகளில் ஒன்றில் இருந்து பார்த்தால், பழைய பாகம் கலை. புதியது ஆறுதல். எது உயர்ந்தது என்று என்னால் அவரிடம் வாதாட முடியவில்லை.

என் கருத்தைக் கேட்டால்: படம் நாயின் துக்கத்தை அழிக்கவில்லை, அதை ஒரு மனிதனுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறது. நாய் காத்திருந்த பன்னிரண்டு வருடத்தை லீலாவை நினைத்தபடி ஃப்ரை காத்திருந்து கழிக்கிறான். அந்த விலையைக் கொடுத்துத்தான் நாய்க்கு ஆறுதலை வாங்கியிருக்கிறார்கள். நான் கோபப்படுவது வேறொன்றுக்கு: நாய் கல்லாகும் அந்தக் காட்சியை ஒரு பகிடியின் வேகத்தில் ஓட்டிவிட்டார்கள். இன்னும் பத்து நொடி கொடுத்திருக்கலாம்.

லார்ஸ் யார்? அவர் செய்தது சரியா?

லார்ஸ் தலைகளைப் போத்தலில் பாதுகாக்கும் நூதனசாலையில் வேலை செய்பவர். மொட்டைத் தலை, கரகரத்த குரல், நிதானமான ஆள். லீலா அவரை விரும்புகிறாள், கலியாணம் வரை போகிறது. அவர்தான் பின்னுக்குத் தங்கிய அந்த ஃப்ரை என்பது கடைசியில்தான் தெரியும். பெண்டரின் வெடியில் முடி எரிந்து, தொண்டை கெட்டுப்போக, கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும் லீலா விரும்பிய லார்ஸ் தானேதான் என்று விளங்கி, மறுபடி உறைந்து எதிர்காலத்துக்கு வந்தவர்.

எனக்கு இந்தப் படத்தில் ஆகப் பிடித்தது இதுதான். லீலா மறுத்ததும் ஃப்ரையைத்தான், ஏற்றதும் ஃப்ரையைத்தான். வித்தியாசம் பன்னிரண்டு வருடம். அந்த வருடங்களில் அவன் ஒரு கடல் விலங்கை வளர்த்து, அதன்மேல் உயிரை வைத்து, அது தன் துணையோடு சந்தோசமாக இருப்பதைப் பார்த்ததும் விட்டுவிட்டு வருகிறான். வளர்ந்தது அங்கேதான்.

கலியாணத்தன்று மேலதிகமாக வந்தவர்கள் செத்துப்போவார்கள் என்ற விதி லார்ஸின் காதில் விழுகிறது. காரணம் சொல்லாமல் கலியாணத்தை நிறுத்திவிடுகிறார். இதில் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே பக்கம். “சொல்லியிருந்தா அவ முடிவெடுத்திருப்பா. அவட முடிவ இவர் எடுத்திட்டார்” என்றாள் அக்காவின் மகள். நான் முதலில் லார்ஸுக்காகப் பேசினேன், இப்போது அவள் சொல்வதுதான் சரி என்று படுகிறது. ஏமாற்றுக்காரன் நூடாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெடியில் சாகும்போது லார்ஸ் எல்லாரையும் காப்பாற்றுகிறார். ஆனால் லீலாவுக்கு உண்மை செத்தவீட்டில்தான் தெரிகிறது. அது நியாயமில்லை.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். கார்ட்டூன் என்று போட்டுவிட வேண்டாம். ஆடையில்லாக் கடற்கரை, பச்சைப் பேச்சு, தலை துண்டாகும் பகிடி எல்லாம் உண்டு. “வாப்பாவோட இருந்து பார்க்க ஏலாது” என்று காத்தான்குடி நண்பர் முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். பெரியம்மா இருந்ததால் நாங்களும் அங்கங்கே ஓட்டிவிட்டோம்.

மற்ற மூன்று படங்களும் பார்க்க வேண்டுமா?

இதன் கடைசி நொடியில் வானம் கிழிகிறது, அங்கிருந்துதான் 2008 ஜூனில் வந்த இரண்டாவது படம் தொடங்குகிறது. ஆகவே அதைப் பாருங்கள். மூன்றாவது எனக்கு ஒட்டவில்லை. 2009இல் வந்த நான்காவது, ஃப்ரைக்கும் லீலாவுக்கும் நல்ல முடிவு. 2010இல் தொடரே மறுபடி உயிர்பெற்றது.

நாயின் பாகத்தையும் படத்தையும் ஒரே நாளில் பார்க்கலாமா?

பார்க்க வேண்டாம். இடையில் ஒரு இரவு விடுங்கள். நாங்கள் சனிக்கிழமை பின்னேரம் பாகத்தைப் போட்டோம், படத்தை அடுத்த கிழமைக்கு என்று வைத்திருந்தோம். ஞாயிறு விடிய நான் எழும்பி வரும்போது பெரியம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பாமலே கேட்டார்: “மனே, அந்த நாய்க்கு மறுகா என்ன நடந்த?” அன்று பின்னேரமே புரொஜெக்டரை மறுபடி விறாந்தைக்குக் கொண்டுவந்தோம்.